பாதரச ராணிக்கு மூன்று கையெழுத்து

மூன்றே மூன்று கையெழுத்து. ரெங்கசாமி இந்த உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான். வீடு கேட்கவில்லை, தோட்டம் கேட்கவில்லை, உத்தியோக உயர்வுகூடக் கேட்கவில்லை. ஒரு நல்ல நாவலைப் படித்துவிட்டு, ‘பிறரும் படிக்கலாம்’ என்று ஒரு வரி எழுதி, அடியில் ஒரு கையெழுத்து. அதைப் போட பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் மூன்று பேர் இல்லை!

ஆண்டுக் கூட்டத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய சந்திரோதய வாசகசாலைக்கு 1934-ஆம் வருஷத்தில் நாற்பத்தோரு அங்கத்தினர்கள். ரயில்வேக்காரர்கள்தான் பெரும்பாலும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று மேஜைமேல் கிடக்கும். அதன் பெயர் சிபாரிசுப் புத்தகம். ஒரு நாவலைத் திருப்பிக் கொடுக்கிறவர் அதில் ஒரு வரி அபிப்பிராயம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மூன்று பேர் நல்லபடி எழுதிவிட்டால், அந்த ஆசிரியரின் அடுத்த நாவலுக்குக் கடல் தாண்டிச் சென்னைக்குக் கடிதம் பறக்கும். மூன்று சேராவிட்டால் ஆசிரியரின் கதி அதோகதி.

இந்த வருஷம் காரியதரிசி இராமலிங்கம் அதற்குமேல் ரெங்கசாமியின் தலையில் ஒரு குண்டு போட்டிருந்தார்.

“இந்தத் தடவையும் உம்ம மாயாஜாலப் புத்தகத்துக்கு மூணு கையெழுத்து வரலைன்னா, அலமாரியோட மொத்தத்தையும் கச்சாங் பூத்தேக்காரனுக்குக் குடுத்துடுவோம், கிராணி. கடலை மடிக்கவாவது ஆகும். சாவியை எங்கிட்ட குடுத்துட்டு நீர் நிம்மதியா இரும். அந்த இடத்துல பக்தி நூல் வரட்டும்.”

சாவி! பன்னிரண்டு வருஷமாக ரயில்வே சரக்குக் கொட்டகையில் அரிசி மூட்டையையும் ரப்பர் ஷீட்டையும் எண்ணி எழுதிக்கொண்டிருக்கும் கிராணி, அதாவது குமாஸ்தா, ரெங்கசாமி. அந்த அலமாரியின் சாவி ஒன்றுதான் இந்த ஊரில் அவனை வேறொரு ஆளாக்கியது. பறக்கும் மண்டபங்கள், பேசும் மலைகள், சந்திரனுக்குப் போய்வந்த வியாபாரிகள் என்று நாற்பத்தேழு புத்தகங்கள். ஒவ்வொன்றும் அவன் தேர்ந்தெடுத்து, கெஞ்சி, சண்டை போட்டு வரவழைத்தது. அவற்றில் கடலையா மடிப்பார்கள்?

அவன் இந்த வருஷம் களத்தில் இறக்கியது சாதாரணப் புத்தகமல்ல. ‘கடலடிக் கோட்டை அல்லது பாதரச ராணியின் சபதம்.’ ஆறு பாகம். இரண்டு வருஷமாகத் தபாலில் ஒவ்வொரு பாகமாக வந்தது; ஒவ்வொன்றையும் அவன் சரக்குக் கொட்டகையில் நின்றபடியே படித்தான். மீனவர் குடிசையில் வளரும் நீலகேது, வாலிபனாகி ஒரு கண்ணாடிக் கப்பல் கட்டுகிறான். கடலடியில் இறங்குகிறான். அங்கே பாதரச ராணியோடு யுத்தம். யுத்தம் காதலாகிக் கல்யாணத்தில் முடிகிறது. பிறகு ஒரு சாபம். கால் விரலிலிருந்து மேலே மேலே அவன் கண்ணாடியாக மாறுகிறான். ஆறாம் பாகத்தில் ஆயிரம் துண்டாக உடைந்துபோகிறான். ராணி கடலடியெல்லாம் தேடித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது துண்டுகளைச் சேர்க்கிறாள். ஒன்றுமட்டும் கிடைக்கவே இல்லை. அந்த ஒன்றுக்காக அவள் காத்திருப்பதோடு கதை முடிகிறது. அதைப் படித்த அன்று ரெங்கசாமி மூட்டைக் கணக்கில் நூறு தப்பு விட்டான்.

இப்பேர்ப்பட்ட புத்தகம் உதிரி உதிரியாகக் கிடக்கலாமா? கிள்ளானில் மைதீன் ராவுத்தரிடம் கொடுத்துக் கட்டிவர ஏற்பாடு செய்தான். பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும் அரபுக் கித்தாபு கட்டுகிறவர் அவர். அவர் தைத்த புத்தகம் வெள்ளத்தில் போனாலும் ஏடு பிரியாது என்று பெயர்.

“எப்படிக் கட்டணும் கிராணியாரே?” என்று அவர் கேட்டபோது, ரயிலுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

“எல்லாம் வழக்கம்போலத்தான் ராவுத்தரே. வழக்கம்போலவே கட்டுங்க!” என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டான்.

ஒரே வாரத்தில் சிவப்புக் காலிகோ துணி அட்டையில் சிங்கம்போல வந்து சேர்ந்தது புத்தகம். முதுகில் மட்டும் ஒரு சீட்டை ஒட்டி, ரெங்கசாமி தன் கையாலேயே பெயரை எழுதினான். உள்ளே புரட்டிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அவனுக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே!

அதற்குப் பிறகுதான் சனி பிடித்தது.

முதலில் அகப்பட்டவன் அய்யாவு. ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். கப்பல், கொதிகலன் என்றால் அவனுக்கு உயிர் என்று ரெங்கசாமி கணக்குப் போட்டான்.

“அய்யாவு, கடலுக்கடியில ஓடுற கப்பல்! அதுல ஒரு கொதிகலன் வருது பாரு, உன் எஞ்சினெல்லாம் அதுகிட்ட அடுப்பு. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இது மாயக் கதை. எது வேணாலும் நடக்கும். கேள்வி கேக்காமப் படி.”

“கேள்வி கேக்கக் கூடாதா?”

“கூடாது!”

பத்து நாள் கழித்து, கரி அப்பிய கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டே அய்யாவு கோப்பிக் கடைக்கு வந்தான். சிபாரிசுப் புத்தகத்தையும் பேனாவையும் கையோடு வைத்துக்கொண்டு காத்திருந்தான் ரெங்கசாமி.

“கிராணியண்ணே, ஒண்ணு கேக்கலாமா?”

“கையெழுத்தப் போட்டுட்டுக் கேளு.”

“இல்லண்ணே. எடுத்த எடுப்புலயே ஆளை உடைச்சுப் போட்டா, அப்புறம் என்னத்தண்ணே படிக்கிறது?”

ரெங்கசாமிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இவன் புத்தி அவனுக்குத் தெரியும். போன வருஷம் ஒரு துப்பறியும் நாவலைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டி, கொலைகாரன் பெயரை வாசகசாலை முழுக்க ஒலிபரப்பினவன் இந்த அய்யாவுதான்.

“உன்னைத் திருத்த முடியாதுடா! இதையும் கடைசிலேருந்து ஆரம்பிச்சியா?”

“சத்தியமா இல்லண்ணே! முதல் பக்கத்துலேருந்துதான்...”

“பொய் வேற! ஆறு பாகம் கடந்து வரவேண்டிய துக்கத்தை முதல் நாளே நோண்டிட்டு, எங்கிட்டயே கேள்வி கேக்கிறியா?”

“நான் என்ன சொல்ல வரேன்னா...”

“சொல்லாதே!”

ரெங்கசாமி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தான். ஆறிப்போன கோப்பியை அய்யாவுதான் குடித்தான்.

அடுத்தது இராஜம்மா. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. வாசகசாலையின் ஒரே பெண் அங்கத்தினர். நாவல் எடுத்துப்போனால் அவள் ஒருத்தி மட்டும் படிப்பதில்லை. சாயங்காலம் குவாட்டர்ஸ் குழாயடியில் உட்கார்ந்து, படிக்கத் தெரியாத பத்துப் பதினைந்து பெண்களுக்கு உரக்க வாசிப்பாள். அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் அது பதினைந்து பேருக்குச் சமானம். ஆனால் நோட்டில் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள் என்பது ரெங்கசாமியின் இன்னொரு வயிற்றெரிச்சல்.

“அக்கா, ராணி கதை. இப்படி ஒரு ராணியை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. புருசனுக்காகக் கடலையே சல்லடை போடுறா. ஆனா மாயக் கதை. ஏன், எப்படின்னு கேக்கக் கூடாது. அப்படியே நம்பிப் போயிக்கிட்டே இருக்கணும்.”

“நம்புறது நமக்குப் புதுசா தம்பி? குடுங்க.”

மூன்று வாரம் அவள் புத்தகத்தைத் திருப்பித் தரவே இல்லை. ஒரு நாள் ரெங்கசாமியே குழாயடிப் பக்கம் போனான். இராஜம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள்.

“வாங்க தம்பி. நல்ல கூத்து உங்க கதை! கல்யாணம் கட்டிக் குடும்பம் நடத்தினவ, அடுத்த பாகத்துல அவனைப் பார்த்து ‘யாரடா நீ’ன்னு வாளை உருவுறா. இங்க ஒருத்தி சொல்றா, எங்க வீட்லயும் அப்படித்தான்னு.”

பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். ரெங்கசாமிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“வாளை உருவுறது முன்னாடிக்கா. கல்யாணம் அப்புறம்.”

“இல்லையே. கல்யாணம்தான் முன்னாடி.”

“நான் ரெண்டு வருசமா படிச்சவன்.”

“நான் நேத்து படிச்சவ!”

குடத்துக்கும் குளியலுக்கும் துணி துவைப்புக்கும் நடுவில் படித்தால் இப்படித்தான். இரண்டு பக்கம் இங்கே, பத்துப் பக்கம் அங்கே. கதையைக் குழப்பியடித்துவிட்டு வாதாட வேறு வருகிறார்கள். “புத்தகத்தை முடிச்சிட்டுக் கொண்டாங்க, போதும்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தான். பின்னால் இராஜம்மா ஏதோ கூப்பிட்டுச் சொன்னாள். திரும்பவில்லை.

கடைசியாகப் புத்தகம் இராமலிங்கத்தின் கைக்குப் போனது. குற்றச்சாட்டு எழுதுகிறவர் சாட்சியத்தைப் படித்தாகவேண்டும் என்று அவரே வாங்கிப்போனார். வெள்ளிக்கிழமை மாலை, கூட்டத்துக்கு ஒன்றரை நாள் இருக்கையில், படிக்கட்டில் மடக்கிக்கொண்டார்.

“ஓய் கிராணி! உம்ம கதாநாயகன் போகப் போகச் சின்னவனாயிட்டே வரானே, அது என்ன சங்கதி? மீசை வச்சிருந்தவன் மீசையில்லாம நிக்கிறான். இப்ப மண்ணுல உக்காந்து சிப்பி பொறுக்கிட்டு இருக்கான். இதை எழுதினவன் என்ன குடிச்சிருந்தான்?”

“ஐயா, புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லுங்க. இல்லாததைச் சேர்த்துச் சொல்லாதீங்க.”

“இல்லாததா? உள்ளதைத்தானய்யா சொல்றேன்!”

“ஞாயித்துக்கிழமை பேசிக்குவோம்.”

ஒருவன் கடைசியிலிருந்து படிக்கிறான். ஒருத்தி கலைத்துப் படிக்கிறாள். இன்னொருவர் பகையோடு படிக்கிறார். இந்த ஊரில் புத்தகத்தைப் புத்தகமாகப் படிக்க ஒரு ஜீவன்கூடவா இல்லை? ரெங்கசாமி சனிக்கிழமை முழுவதும் அரிசி மூட்டைகளை ஏதோ அவைதான் கையெழுத்துப் போட மறுத்தவை மாதிரி முறைத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு காலை பத்து மணி. மாடியில் முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கீழே கத்தரிக்கோல் சத்தம். மேஜையின் ஒரு பக்கம் சிவப்புக் காலிகோ. இன்னொரு பக்கம் கறுப்பு நோட்டு, வெள்ளைப் பக்கம் விரித்தபடி. இராமலிங்கம் தொண்டையைச் செருமினார்.

“கையெழுத்து ஒண்ணுகூட இல்லை. நான் அதிகம் பேசப் போறதில்லை. இது தலையும் வாலும் இல்லாத கதை. கிராணி, சாவியை...”

“ஒரு நிமிஷம்!”

ரெங்கசாமி எழுந்தான். காது மடல் சிவந்திருந்தது.

“அஞ்சு வாரமா பொறுத்துப் பார்த்துட்டேன். இங்க யாருமே ஒழுங்காப் படிக்கலை. இப்ப நானே முதல் அத்தியாயத்தை வாசிக்கிறேன். மீனவன் குடிசை, அலைச் சத்தம், விடியக்காலம். அந்த ஒரு பக்கத்தைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, தலையில்லாத கதையா இல்லையான்னு!”

புத்தகத்தை எடுத்தான். அட்டையைத் திறந்தான். ‘முதல் அத்தியாயம்’ என்று கொட்டை எழுத்து. கம்பீரமாக ஆரம்பித்தான்.

“‘ஐயோ! நீலகேதுவின் மார்பில் விழுந்த கீறல் மின்னல்போல் ஓடிற்று. மறுகணம் அவ்வீரனின் திருமேனி ஆயிரம் துண்டாய்ச் சிதறி...’”

குரல் நின்றது.

பக்கத்தைப் புரட்டினான். மேலும் புரட்டினான். நூறு பக்கம் தள்ளி இன்னொரு ‘முதல் அத்தியாயம்’. அதில் நீலகேதுவின் கால் விரல் கண்ணாடியாகிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் கல்யாணம். அதற்கப்பால் யுத்தம். அதற்கப்பால் கப்பல் கட்டுகிறான். எல்லாவற்றுக்கும் கடைசிப் பாகத்தில், மீனவன் குடிசை, அலைச் சத்தம், விடியக்காலம்.

ராவுத்தர்! கித்தாபு வலது பக்கத்திலிருந்து திறக்கும். முதல் பாகம் வலது ஓரத்தில் உட்காரும். பாகத்துக்குப் பாகம் அத்தியாயமும் பக்கமும் புதிதாக ஒன்றிலிருந்து எண்ணுகிற நாவல் இது. பாக எண் இருந்த மேல்தாள்களை உரித்துவிட்டால் எது முன், எது பின் என்று யார் கண்டார்கள்? அவர் வழக்கம்போலத்தான் கட்டியிருக்கிறார். அவருடைய வழக்கம்போல.

“என்னண்ணே,” என்றான் அய்யாவு, மெதுவாக. “எடுத்த எடுப்புலயே உடையறானா?”

முப்பது பேரும் சிரித்த சிரிப்பில் கீழே கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

ரெங்கசாமி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது. சொல்லிவிட்டு, போன மானத்தை மீட்கிற ஆத்திரத்தில் கத்தினான்: “சரி, தப்பு என் மேல! ஆனா நீங்கல்லாம் ஆறு பாகமும் தலைகீழாப் படிச்சிருக்கீங்க. ஒருத்தருக்காவது சந்தேகம் வரலையா?”

“வந்துச்சே!” என்று எழுந்தாள் இராஜம்மா. “வந்து உங்ககிட்டக் கேட்டா, நீங்க பதில் சொன்னீங்களா? மாயக் கதை, கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே தம்பி கையில குடுத்தீங்க. முதல் பாகம் முடியறப்ப ‘முற்றும்’னு போட்டிருந்துச்சு. சரி, அவன் ஆயுசு முற்றும்னு நெனச்சுக்கிட்டு மேல படிச்சோம்.”

மறுபடியும் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

“ஆனா ஒண்ணு சொல்றேன். எங்களுக்குக் கதை புடிச்சிருந்துச்சு. துண்டு துண்டாக் கிடந்தவன் ஒண்ணாச் சேர்ந்து எழுந்திரிக்கிறான், கல்யாணம் கட்டுறான், சண்டை போடுறான், வாலிபனாகுறான், கடைசியில பச்சப் பிள்ளையா ஆத்தா மடிக்கு வந்து சேர்றான். போன வருசம் காய்ச்சல்ல பிள்ளையைப் பறிகொடுத்த நல்லம்மாள் இருக்காளே, அவ கடைசிப் பாகத்தை மூணு தடவை வாசிக்கச் சொன்னா. நோட்டைக் குடுங்க.”

எழுதினாள்: ‘படிக்கலாம். பெண்களுக்கு உரக்க வாசிக்கலாம்.’ கையெழுத்து.

“எனக்கும் குடுங்க,” என்றான் அய்யாவு.

“உனக்குத்தான் புடிக்கலையே!”

“புடிக்கலைன்னு எப்பண்ணே சொன்னேன்? புரியலைன்னுதானே சொன்னேன்? அன்னைக்குக் கையெழுத்துப் போடத்தான் கை துடைச்சிட்டு வந்தேன். நீங்கதான் மூஞ்சியைத் தூக்கிட்டுப் பேனாவோட போயிட்டீங்க.”

இரண்டாவது கையெழுத்து கரி ரேகையோடு விழுந்தது.

இன்னும் ஒன்று. எல்லார் கண்ணும் இராமலிங்கத்தின் மேல் திரும்பியது. அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

“நான் போட மாட்டேன். ஆனா சட்டம்னா சட்டம். சென்னைக் கடிதம் புதன்கிழமை மத்தியானத் தபால்ல போகுது. அதுவரைக்கும் அவகாசம். கிராணி, புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவர் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு விதி. ஆனா நீர் தேர்ந்தெடுத்த புத்தகம் வேற, இது வேற. இதை நீர் படிக்கவே இல்லை. இருக்கிற வரிசையில படிச்சிட்டு, பிறருக்குச் சிபாரிசு பண்ண மனசு வந்தா, மூணாவது கையெழுத்தை நீரே போட்டுக்கலாம். மனசில்லாமப் போட்டா அது பொய்க் கையெழுத்து. அதை உம்ம மனசாட்சிக்கே விட்டுடுறேன்.”

உதட்டில் ஒரு சின்னப் புன்னகை. ரெங்கசாமி எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரன் என்று அவருக்குத் தெரியும். வரிசை கெட்ட புத்தகத்துக்குச் சிபாரிசு எழுதுவதைவிட அந்த மனுஷன் விரலை வெட்டிக்கொள்வான்.

“கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுடாதீங்க தம்பி,” என்றாள் இராஜம்மா, படியிறங்கும்போது.

“அக்கா! அது முதல் பாகம். எனக்கு மனப்பாடம்!”

“அப்ப என்ன வருதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

“பிள்ளை... மீனவன் வீட்டுல...” என்று தடுமாறினான். படித்து இரண்டு வருஷமாயிற்று.

“நான் சொல்ல மாட்டேன். சொன்னா அய்யாவு மாதிரி ஆயிடும்.”

ஞாயிறு மத்தியானமே ஆரம்பித்தான். எரிச்சலோடுதான் ஆரம்பித்தான். கையில் ஒரு பென்சில், எங்கெங்கே அபத்தம் என்று கோடு போட. ஐம்பது பக்கத்தில் பதினோரு கோடு. திங்கட்கிழமை கொட்டகையில் சாப்பாட்டு நேரத்தில் கல்யாணத்தைத் தாண்டினான். நான்கு கோடு. யுத்தத்துக்குப் போகிறபோது பென்சிலை எங்கே வைத்தான் என்று தெரியவில்லை. வாளோடு நிற்கும் இருவருக்கும் தாங்கள் யாரென்று தெரியவில்லை. ஆனால் படிக்கிறவனுக்குத் தெரியும். ‘அடேய், அவள் உன் பெண்டாட்டியடா!’ என்று அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இருந்தாலும் தீர்மானம் தீர்மானம்தான். செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிள்ளான் ரயிலில் ஏறினான். ராவுத்தரிடம் கொடுத்து நூலை அறுத்து நேராகக் கட்டவேண்டும். அலமாரியே போனாலும் சரி, பிழையான ஒரு பிரதியை உலகத்தில் விட்டுவைக்கக் கூடாது. வழியில் மிச்சமிருந்தது முதல் பாகம், அதாவது கடைசிப் பாகம்.

பத்து தீகா என்ற ஊர் ஸ்டேஷனில் நாலு பேர் ஏறினார்கள், இரண்டு பேர் இறங்கினார்கள். அவன் நிமிரவில்லை. சிப்பி பொறுக்கிய சிறுவன் வளர்ந்தான். பாகத்தின் முடிவில் மீனவன் மனைவி, அவன் தனக்குக் கிடைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். ரயில் கிள்ளானை நெருங்கும்போது கடைசி ஏட்டுக்கு வந்திருந்தான். அந்தக் கதையில் அவள் அலையோரத்தில் கிடந்த பச்சைச் சிசுவை எடுக்கிறாள். இறுக மூடிய அதன் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கிறாள்.

உள்ளங்கையில் ஒரு கண்ணாடித் துண்டு.

ரெங்கசாமி ரயில் நின்றதைக் கவனிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே பக்கத்தை அவன் படித்திருக்கிறான். ஏதோ பிறவி அடையாளம், இந்தக் கதைகளில் சகஜம் என்று தாண்டிப் போயிருக்கிறான். ஆறாம் பாகத்தில் ராணி ஆயிரமாவது துண்டைத் தேடி அழுதபோது, அவனும் கூடச் சேர்ந்து அழுதானே தவிர, அது எங்கே இருக்கிறது என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் யோசித்திருக்கிறார்கள்!

மைதீன் ராவுத்தர் பசைச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். ரெங்கசாமி புத்தகத்தைப் பலகைமேல் தொப்பென்று போட்டான்.

“ராவுத்தரே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க! தமிழ்ப் புத்தகத்தைக் கித்தாபு மாதிரி அடுக்கியிருக்கீங்களே!”

அவர் எடுத்துப் பார்த்தார். புரட்டினார். முகம் சுருங்கியது.

“யா அல்லா... இடமிருந்து திறப்பீங்கள்ல நீங்க! நான்தான் கேட்டனே கிராணியாரே, எப்படிக் கட்டணும்னு. வழக்கம்போலன்னீங்க. எனக்குத் தமிழெழுத்து கூட்டித்தான் வரும். நம்பரைப் பார்த்து அடுக்கினேன்.” அவர் வருத்தத்தோடு கத்தியை எடுத்தார். “குத்தம் எம்மேலயும் இருக்கு. கூலி வேணாம். இப்பவே நூலை அறுத்து நேர் பண்ணித் தரேன்.”

கத்தி முனை முதுகுத் தையலைத் தொட்டது.

“நில்லுங்க!”

“ஏன்?”

“அறுக்காதீங்க.”

“வரிசை தப்புன்னீங்களே?”

“தப்புதான்.”

“அப்ப அறுக்கட்டுமா?”

“வேணாங்கிறேன்ல!”

ராவுத்தர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப எதுக்குக் கிராணியாரே, இத்தனை தூரம் ரயிலேறி வந்தீங்க?”

ரெங்கசாமி, வந்ததற்கு ஏதாவது செய்யவேண்டுமே என்று, முதுகில் உரிந்திருந்த பெயர்ச் சீட்டை மட்டும் நன்றாக ஒட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டான்.

புதன்கிழமை பதினொன்றரை மணி. இராமலிங்கம் தபால் உறையை எடுத்து வைத்துவிட்டு, சாவியை வாங்கக் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். ரெங்கசாமி அந்தக் கையைக் கவனிக்காதவன்போல் நோட்டை இழுத்தான். பேனாவைத் திறந்தான். ஒரு வரி எழுத அவனுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று.

‘படிக்கலாம். கேள்வி கேட்டுக்கொண்டே படிக்கலாம்.’

அடியில் கையெழுத்து.

இராமலிங்கம் அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“மனசோடதான் போட்டீரா?”

“மனசோடதான் போட்டேன். வயித்தெரிச்சலோடயும் போட்டேன். ரெண்டும் சேர்ந்துதான் இருக்கு, எடுத்துக்கங்க.”

கடிதம் அன்றே போயிற்று. நாற்பத்தேழு புத்தகங்களும் அலமாரியிலேயே இருந்தன. கச்சாங் பூத்தேக்காரன் பழைய செய்தித்தாளிலேயே கடலை மடித்துக்கொண்டிருந்தான்.

மூன்று மாதம் கழித்துக் கப்பலில் அதே ஆசிரியரின் புதிய நாவல் வந்தது. இந்த முறை நான்கு பாகமும் ஒன்றாகவே வந்தன. ரெங்கசாமி கட்டை அவிழ்க்கும்போது மேஜையைச் சுற்றி ஒரே கூட்டம்.

“அண்ணே, கிள்ளானுக்குத்தானே அனுப்பப் போறீங்க?” என்றான் அய்யாவு. “ராவுத்தர்கிட்ட வழக்கம்போலன்னு சொல்லுங்க!”

“அடி வாங்கப் போற!”

“குழாயடியில எல்லாரும் அதைத்தான் தம்பி கேக்குறாங்க,” என்றாள் இராஜம்மா.

“அக்கா, எழுதினவர் ஒரு வரிசையில எழுதியிருக்காருக்கா! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு! அதை அப்படியே படிச்சா என்ன குறைஞ்சு போயிடும்?”

“அது எங்களுக்கு எப்படித் தெரியும்? படிச்சுப் பார்த்தால்ல தெரியும்?”

ரெங்கசாமி நான்கு பாகங்களையும் வரிசையாக அடுக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, யாருக்கும் தரமாட்டேன் என்பதுபோல் நின்றான்.

கூட்டம் கலைந்தபிறகு, பக்கத்தில் யாரோ செருமினார்கள். இராமலிங்கம். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கிராணி... குற்றம் கண்டுபிடிக்கத்தான், வேறொண்ணுமில்லை... முதல் ஆளா எம் பேரை எழுதிக்கும்.”

“எழுதிக்கிறேன் ஐயா.”

“ஒரே ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கணும்?”

ரெங்கசாமி தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினான். தூக்கிய கை பாதியில் நின்றது. நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பொறுமையாகப் பதில் சொல்ல ஆரம்பித்தான்.